பெயர் இழந்த கல்

(பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றிய உரை)



பத்தாண்டு நிறைவு விழாவில் கவிதை பற்றியும் காப்பியம் பற்றியும் பேசத் தகுந்தோர் பலர் இம்மேடையில் வீற்றிருக்கிறார்கள். மணிகளைச் சோதித்து மதிப்பிடும் தொழிலில் இருப்பவன் என்பதால் எனக்கு அளிக்கப்பட்ட தலைப்பு, 'அணிகலன்களில் மணிகள்' என்பது. அது பெருங்கடல். அதில் ஒரே ஒரு கல்லை மட்டும் எடுத்துக்கொள்ள இசைவு கேட்டுப் பெற்றேன். அந்தக் கல் ஜிர்கான். வைரமும் மாணிக்கமும் இருக்க, இதை ஏன் எடுத்தாய் என்று நீங்கள் கேட்கலாம். இது சொல்லைக் கையாள்வோர் கூடியிருக்கும் அவை. ஒரு சொல் இடம் மாறியதால் ஒரு பொருள் தன் மதிப்பை இழந்த வரலாறு ஜிர்கானுடையது. ஆகவே, இதைக் கேட்க உங்களைவிடத் தகுந்த அவை வேறில்லை என்று கருதினேன்.

நம் திருச்சிராப்பள்ளிக் கடைத்தெருவில் 'ஜிர்கான் இருக்கிறதா?' என்று கேட்டுப் பாருங்கள். பத்துக் கடைகளில் ஒன்பதில் உங்கள் முன் வந்து விழுவது ஏ.டி. கல் என்று நாம் சுருக்கிச் சொல்லும் அமெரிக்கன் டைமண்ட். அதன் அறிவியற் பெயர் கியூபிக் ஜிர்கோனியா; உலையில் மனிதன் செய்தது. நாம் கேட்ட ஜிர்கானோ மண்ணில் விளைந்தது. இரண்டிலும் ஜிர்கோனியம் என்ற உலோகம் உண்டு. அதனால் பெயர்கள் ஒலியில் நெருங்கின. ஆனால் ஜிர்கான் என்பது அவ்வுலோகத்தின் சிலிக்கேட். கியூபிக் ஜிர்கோனியா அதன் ஆக்சைடு. பொருளும் வேறு, படிக அமைப்பும் வேறு, பிறப்பும் வேறு. ஒலி ஒற்றுமை ஒன்றால் புதிய கல் பழைய கல்லின் பெயரில் குடியேறிவிட்டது. பழைய கல்லை இன்று யாரேனும் நீட்டினால், 'ஓ, போலி வைரமா?' என்று கேட்கும் நிலை வந்துவிட்டது.

முதலில் இக்கல்லின் குடிப்பிறப்பைச் சொல்லிவிடுகிறேன். பொன்னிறம் என்று பொருள்படும் 'ஸர்கூன்' என்ற பாரசீகச் சொல்லே ஜிர்கான் ஆயிற்று என்பர். பொன்னிறம் மட்டுமன்றித் தேன் நிறம், செம்மை, பசுமை, பழுப்பு, நிறமின்மை ஆகிய பல தோற்றங்களிலும் இது கிடைக்கும். 1789ஆம் ஆண்டில் ஜெர்மானிய வேதியியலார் மார்ட்டின் ஹைன்ரிக் கிளாப்ரோத் இலங்கையிலிருந்து சென்ற ஜிர்கான் கல்லைப் பகுத்தாய்ந்தபோது, அதுவரை அறியப்படாத ஒரு தனிமத்தின் ஆக்சைடைக் கண்டார். ஜிர்கோனியம் என்ற தனிமத்துக்குப் பெயர் தந்தது இந்தக் கல்லே. இன்று அணு உலைகளில் எரிபொருளைப் பொதியும் உறைகள் ஜிர்கோனியக் கலப்பு உலோகத்தால் ஆனவை. அத்தேவைக்காக நம் தூத்துக்குடி மாவட்டத்துப் பழையகாயலில் 2009இல் ஓர் ஆலையே நிறுவப்பட்டது. குமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சிக் கடற்கரையில் இல்மனைட்டோடும் மோனசைட்டோடும் ஜிர்கான் மணல் பிரித்தெடுக்கப்படுகிறது. அது அணிகலனுக்கு ஆகாத நுண்மணல். என்றாலும் ஜிர்கான் நமக்கு அயல் அன்று.

அதன் அகவையைக் கேட்டால் வியப்பீர்கள். ஆஸ்திரேலியாவின் மேற்குப் பகுதியில் ஜாக் ஹில்ஸ் என்ற குன்றுத்தொடரில் கிடைத்த ஒரு ஜிர்கான் மணி ஏறத்தாழ 440 கோடி ஆண்டு பழைமையானது என்று 2001இல் அறிவித்தார்கள். 2014இல் அங்கு கிடைத்த வேறொரு மணியை அணுக்களைத் தனித்தனியே எண்ணும் நுட்பத்தால் ஆய்ந்து, 437 கோடி ஆண்டுக்கு மேற்பட்டது என்று உறுதி செய்தார்கள். புவியில் தோன்றியவற்றுள் மனிதன் கண்டறிந்த மிகப் பழைய துண்டுகள் இத்தகைய மணிகளே. பாறைகள் உடைந்து, உருகி, மறுபாறையாகி, மீண்டும் உடைந்தபோதும் ஜிர்கான் மணி தன் உருவோடு தப்பிப் பிழைத்தது.

இந்த அகவையை எவ்வாறு அறிகிறார்கள்? ஜிர்கான் உருவாகும்போதே சிறிதளவு யுரேனியத்தைத் தன்னுள் ஏற்றுக்கொள்கிறது. அந்த யுரேனியம் மெல்ல மெல்ல ஈயமாக மாறுகிறது. மாறிய அளவைக் கணக்கிட்டு வயதைச் சொல்கிறார்கள். ஆனால் அதே யுரேனியம் சிதையும்போது வெளிப்படும் கதிர்கள் படிகத்தின் ஒழுங்கமைப்பை உள்ளிருந்து குலைக்கவும் செய்கின்றன. நெடுங்காலம் குலைவுற்ற கல் மங்கிய பச்சையாய், கண்ணாடி போன்ற ஒழுங்கற்ற உடலாய் ஆகிவிடும். இலங்கையில் கிடைக்கும் பச்சை ஜிர்கான்கள் பல இவ்வகையின. வணிகத்தில் குலைவற்றதை உயர்வகை என்றும், குலைந்ததைத் தாழ்வகை என்றும் பிரிப்பர். உயர்வகையின் கடினம் மோஸ் அளவில் ஏழரை; தாழ்வகையுடையது ஆறு, ஆறரை. தன் வயதுக்குச் சாட்சி சொல்லும் பொருளே தன் உடலை அழிப்பது இக்கல்லின் விதி. கவிஞர்கள் இதற்கு மேல் என்னிடம் விளக்கம் கேட்கமாட்டீர்கள் என நம்புகிறேன்.

இனி இதற்கு நேர்ந்த பெயர்க்குழப்பங்களுக்கு வருவோம்.

இலங்கையின் இரத்தினபுரியைச் சுற்றிய வயல்களிலும் ஆற்றோரங்களிலும் குழி தோண்டி, 'இல்லம்' எனப்படும் மணிச்சரளை அடுக்கை எட்டி, அச்சரளையைக் கூடையில் இட்டு நீரில் அலசிக் கற்களைப் பொறுக்குவர். நீலம், புஷ்பராகம் முதலியவற்றோடு ஜிர்கானும் அதில் வரும். தென்னிலங்கையின் மாத்தறைப் பகுதியில் பெயர்பெற்ற நிறமற்ற ஜிர்கானுக்கு 'மாத்தறை வைரம்' என்றே பெயரிட்டார்கள். புகழ்ச்சிப் பெயர்தான்; ஆயினும் முதல் தீங்கு அங்கேதான் தொடங்கியது. வைரம் என்ற பின்னொட்டு விழுந்ததும், அக்கல்லைத் தனக்கென்று பார்ப்பவர் குறைந்து, வைரத்துக்கு எவ்வளவு நெருங்கியது என்று பார்ப்பவர் பெருகினர்.

அறிவியலும் இதில் ஒருமுறை இடறியது. ஜிர்கானின் ஊடே வரும் ஒளியைப் பிரித்து நோக்கினால் நிறமாலையில் கருங்கோடுகள் தெரியும். சர்ச் என்ற ஆங்கில வேதியியலார் 1866இல் இதனைக் குறித்தார். 1869இல் ஹென்றி கிளிஃப்டன் சோர்பி என்ற அறிஞர், அக்கோடுகள் ஒரு புதிய தனிமத்தால் வந்தவை என்று கருதி, அதற்கு 'ஜார்கோனியம்' என்று பெயரும் சூட்டிவிட்டார். பின்னர் அவை அக்கல்லில் இருந்த யுரேனியத்தின் கோடுகள் என்று தெரிந்ததும், தம் கூற்றை வெளிப்படையாகத் திரும்பப் பெற்றுக்கொண்டார். இல்லாத பொருளுக்கு வைத்த பெயர் அகன்றது. தவறான பெயரைத் திரும்பப் பெறும் அந்த நேர்மையைக் கடைத்தெருவும் கற்றிருந்தால் இந்த உரைக்கே தேவை இருந்திராது.

நீல ஜிர்கானின் கதை வேறு. இன்று விரும்பி வாங்கப்படும் நீலநிறம் பெரும்பாலும் நெருப்பின் கொடை. கம்போடியாவின் ரத்தனகிரிப் பகுதியில் கிடைக்கும் பழுப்புக் கற்களைக் காற்றுக் குறைந்த சூழலில், ஏறத்தாழ ஆயிரம் பாகை வரை சுட்டால் சில நீலமாகும், சில நிறமற்றுப் போகும். காற்றோட்டத்தில் சுட்டால் பொன்னிறம் வரும். சென்ற நூற்றாண்டின் தொடக்கப் பகுதியில் இந்த நீலக்கல் மேலைச் சந்தைக்கு வந்தபோது, அமெரிக்க மணியியல் அறிஞர் ஜார்ஜ் ஃபிரெடரிக் குன்ஸ் அதற்கு 'ஸ்டார்லைட்' என்ற பெயரை முன்மொழிந்தார். அப்பெயர் நிலைக்கவில்லை. 1952இல் அமெரிக்க நகை வணிகர்கள் டிசம்பர் மாதத்துக்குரிய பிறப்புக்கற்களில் ஒன்றாக ஜிர்கானைச் சேர்த்துக்கொண்டார்கள்.

நம் நாட்டிலோ இன்னொரு குழப்பம். சில அகராதிகளும் மொழிபெயர்ப்புகளும் நவமணிகளுள் ஒன்றான கோமேதகத்தை ஜிர்கான் என்று எழுதிவிடுகின்றன. வணிகத்தில் கோமேதகம் என்று வழங்குவது ஹெசனைட் என்னும் ஒரு வகைக் கார்னெட். தேன்நிற ஜிர்கானும் அதுவும் கண்ணுக்கு உடன்பிறப்புப் போலவே இருக்கும். ஆனால் ஹெசனைட்டின் உட்புறம், சர்க்கரைப் பாகு கலங்கியது போல் நெளிநெளியாகத் தோன்றும். ஜிர்கானின் ஒளி அதைவிடக் கூர்மையானது.

கடைசி அடி விழுந்தது 1970களில். அதற்கொரு முன்கதை உண்டு. 1937இல் ஸ்டாக்கெல்பெர்க், குடோபா என்ற இரு ஜெர்மானியக் கனிமவியலார், உட்குலைந்த ஒரு ஜிர்கானுக்குள்ளே நுண்ணிய துகள்களைக் கண்டார்கள். அவை இயற்கையில் விளைந்த கியூபிக் ஜிர்கோனியா. அதன்பின் 1970களின் தொடக்கத்தில் மாஸ்கோவின் லெபதேவ் இயற்பியல் நிறுவனத்தார் அப்பொருளைப் பெரும் படிகங்களாக வளர்க்கும் வழியைச் செம்மைப்படுத்தினார்கள். உருகுவதற்கு ஏறத்தாழ 2,750 பாகை வெப்பம் வேண்டும். அதைத் தாங்கும் கலம் கிடையாது. எனவே நீரால் குளிர்விக்கப்பட்ட செப்புக் குழாய்களின் நடுவே பொடியை இட்டு, நடுப்பகுதியை மட்டும் உருக்கினார்கள். உருகாத வெளிப்பொடியே கலமாக நின்றது. 1976 முதல் அது சந்தையில் பெருகி, மலிவான வைரப் பதிலியாய் உலகை நிரப்பியது.

அந்தக் கல்லை இகழ நான் இங்கு வரவில்லை. நம் ஊரிலும் சுற்றியுள்ள சிற்றூர்களிலும் செயற்கைக் கற்களைப் பட்டை தீட்டிப் பல்லாயிரம் குடும்பங்கள் உலை வைத்தன. சாணைச் சக்கரத்தின் முன் கூனியமர்ந்து, கடுகளவுக் கல்லில் ஐம்பதுக்கு மேற்பட்ட பட்டைகளை இறக்கிய கைகளை நான் அறிவேன். இயந்திரத்தில் தீட்டப்பட்டு வெளிநாட்டிலிருந்து மலிவாக வந்திறங்கிய கற்களால் அவர்கள் தொழில் நலிந்தது நமக்குத் தெரியும். ஏ.டி. கல்லை ஏ.டி. கல் என்று சொல்லி விற்பதில் ஒரு குறையும் இல்லை. வேறொரு கல்லின் பெயரைச் சூட்டும்போதுதான் தீட்டியவன் உழைப்புக்கும் இழுக்கு, வாங்கியவள் பணத்துக்கும் இழப்பு.

பெயர் மாறினால் என்ன கெட்டுவிடும் என்று கேட்போர் உண்டு. எனக்குத் தெரிந்த ஒரு குடும்பத்தின் செய்தியைச் சொல்கிறேன். கொழும்பில் வணிகம் செய்து திரும்பிய பெரியவர் ஒருவர் மனைவிக்கு ஏழுகல் தோடு ஒரு இணை கொண்டுவந்தார். 'வைரத்தோடு' என்றே அது வீட்டில் வழங்கியது. அம்மையார் மறைந்தபின் பாகம் பிரித்தபோது, மூத்த மகள் தோட்டை ஏற்று வீட்டுப் பங்கைத் தங்கைக்கு விட்டுக்கொடுத்தார். சில ஆண்டுகள் கழித்து, பேரனின் படிப்புச் செலவுக்காகத் தோட்டை அடகு வைக்கப் போன இடத்தில், அவை வைரமல்ல என்று தெரிந்தது. தங்கை அறிந்தே ஏமாற்றினாள் என்று அக்காவும், தான் எதுவும் அறியேன் என்று தங்கையும் நின்றார்கள். பேச்சுவார்த்தை அற்றுப்போயிற்று. தோடு என்னிடம் வந்தது. பார்த்தேன், பதினான்கும் நேர்த்தியான, உண்மையான மாத்தறை ஜிர்கான்கள். கல் எந்தப் பொய்யும் சொல்லியிருக்கவில்லை. அதற்கு வைத்த பெயர் ஒரு தலைமுறை முழுவதும் பொய் சொல்லிக்கொண்டு இருந்திருக்கிறது. என் சான்றிதழ் கல்லின் பெயரைத் திருத்தியது. அந்த உடன்பிறப்புகளைச் சேர்த்து வைக்க அதனால் இயலவில்லை.

இந்த அவையில் சிலம்பை நினையாமல் இருக்க முடியுமா? ஊர்காண் காதையில் கோவலன் மதுரையின் மணி வணிகர் வீதியைக் கடந்து செல்கிறான். இளங்கோவடிகள் அங்கே வைரத்தின் குற்றங்களையே முதலில் எண்ணுகிறார்; காகபாதம் அவற்றுள் ஒன்று. பின்னரே மற்ற மணிகளின் வகைகளும் இயல்பும் வருகின்றன. மணியின் குற்றத்தையும் குணத்தையும் நூல்வழி அறிந்தோர் வாழ்ந்த நகரம் அது. அந்த நகரத்தில்தான், ஒரு சிலம்புக்குள் இருக்கும் பரல் முத்தா மாணிக்கமா என்று சோதித்துப் பார்க்காமல் ஒருவன் கொல்லப்பட்டான். பொற்கொல்லன் 'அரசியின் சிலம்பு' என்று பெயர் வைத்தான். அரசன் பெயரை நம்பினான். சிலம்பை உடைத்தபோது மணி தன் உண்மையைச் சொன்னது; அதற்குள் காலம் கடந்துவிட்டது. பல கோணங்களில் ஆராயப்பட்ட இக்காப்பியத்தை, என் தொழிலில் உள்ளவன், சோதிக்கத் தவறிய ஒரு மணியின் கதையாகவும் படிக்கிறான்.

எனவே சோதிப்பது எப்படி, வாங்குவது எப்படி என்று சில சொல்லி முடிக்கிறேன்.

முதலாவது, இரட்டைத் தோற்றம். ஜிர்கான் தன்னுள் புகும் ஒளியை இரண்டாகப் பிரிக்கும் இயல்பு மிக்கது. பத்து மடங்கு பெருக்கிக் காட்டும் கைலென்சைக் கண்ணருகே வைத்துக் கல்லின் மேல்வழியாக அடிப்பட்டைகளின் ஓரங்களைப் பாருங்கள். ஒவ்வொரு கோடும் இரண்டிரண்டாகத் தெரிந்தால் அது வைரமும் அன்று, கியூபிக் ஜிர்கோனியாவும் அன்று. கைதேர்ந்த பட்டைக்காரர் இந்த இரட்டிப்பு நேராகத் தெரியாவண்ணம் கல்லைத் திருப்பித் தீட்டியிருப்பார். ஆகவே சாய்த்தும் பாருங்கள். தாழ்வகையில் இவ்வியல்பு மிகக் குறைவு என்பதையும் மறவாதீர்கள்.

இரண்டாவது, எடை. ஒரு காரட் என்பது 0.2 கிராம். ஒரு காரட் வைரத்தின் உருவளவே கொண்ட உயர்வகை ஜிர்கான் ஏறத்தாழ 1.3 காரட் இருக்கும்; கியூபிக் ஜிர்கோனியா 1.6 காரட் இருக்கும். பதிக்காத கல்லாயின் அளவையும் எடையையும் ஒப்பிட்டாலே பாதி ஐயம் தீரும். ஜிர்கானைக் காரட் கணக்கில் வாங்கும்போது, வைரத்தைவிடச் சிறியதாகத் தோன்றுகிறதே என்று மயங்கவும் வேண்டாம்.

மூன்றாவது, ஓரங்கள். ஜிர்கான் கடினமானதே ஆயினும் நொறுங்கும் இயல்புடையது. ஒரே காகிதப் பொட்டலத்தில் பல கற்களை இட்டால் ஒன்றோடொன்று உரசிப் பட்டை ஓரங்கள் பொரிந்துவிடும். அதனால்தான் அறிந்த வணிகர் ஒவ்வொரு கல்லையும் தனித்தனியே மடித்து வைப்பர். வாங்குமுன் ஓரங்களை லென்சால் பாருங்கள். தோடு, பதக்கம், மூக்குத்தி ஆகியவற்றுக்கு இக்கல் ஏற்றது. நாள்தோறும் பாத்திரம் துலக்கும் கையின் மோதிரத்துக்கு ஏற்றதன்று; மோதிரமே வேண்டுமென்றால் ஓரத்தைச் சுற்றிலும் பொன் மறைத்து நிற்கும்படி பதிக்கச் சொல்லுங்கள்.

நான்காவது, சூடு. சுடுவதை நான் குற்றம் என்று சொல்லமாட்டேன். அது வழக்கமான முறை. ஆனால் 'சுட்டு நிறம் பெற்றதா?' என்று கேளுங்கள், கேட்டதைப் பட்டியலில் எழுதி வாங்குங்கள். சுட்ட கற்களுள் சில நாள்பட்ட வெயிலில் பழைய நிறத்தை நோக்கித் திரும்பக்கூடும். நகையைப் பற்றவைக்கும்போது பத்தரிடம் கல்லைக் கழற்றிவிடச் சொல்லுங்கள். வெதுவெதுப்பான சோப்பு நீரும் மென்மையான தூரிகையும் போதும். நீராவியிலும் அதிர்வுக் கருவியிலும் துலக்க வேண்டாம்.

ஐந்தாவது, இதுவே முதன்மையானது: பட்டியல். பொன்னின் எடை தனியே, கல்லின் எடை தனியே எழுதப்பட வேண்டும். இல்லையேல் கல்லுக்கும் பொன்விலை கொடுத்தவர்களாவோம். அடகு வைக்கும் நாளில் கல்லின் எடையைக் கழித்துவிடுவார்கள். ஹால்மார்க் முத்திரை பொன்னின் தூய்மைக்கு மட்டுமே பொறுப்பு. கல்லைப் பற்றி அது ஒன்றும் சொல்வதில்லை. கல்லின் பெயருக்கு நேரே 'இயற்கை ஜிர்கான்' என்றோ 'கியூபிக் ஜிர்கோனியா' என்றோ முழுமையாக எழுதச் சொல்லுங்கள். விலை மிகுந்த கல்லாயின் மணியியல் ஆய்வகத்தின் சான்றிதழ் கேளுங்கள். சுக்கிரனுக்கு வைரத்தின் பதிலியாக ஜிர்கான் அணியச் சொன்னார்கள் என்று வாங்குவோர் பலர். அந்த நம்பிக்கையில் நான் தலையிடவில்லை. ஆனால் கேட்டது மண்ணின் கல்லானால் கிடைப்பதும் மண்ணின் கல்லாக இருக்கட்டும்.

கவிஞர் பெருமக்களுக்கு ஒரே ஒரு வேண்டுகோள். கடைக்காரர் பட்டியலில் ஒரு சொல்லைத் திருத்துவது எங்களைப் போன்றோர் வேலை. மக்கள் நாவில் ஒரு சொல்லைத் திருத்தும் ஆற்றல் உங்களுக்கே உண்டு. உங்கள் எழுத்தில் போலிக்கு உவமை தேவைப்படும்போது ஜிர்கானை எடுக்காதீர்கள். மிக நீண்ட வாழ்வுக்கு, உள்ளே எரியும் ஒன்றைச் சுமந்தபடி ஒளிரும் உயிருக்கு உவமை வேண்டுமாயின் எடுங்கள். இந்த மலரைப் படிக்கும் ஒருவரேனும் தம் வீட்டுப் பெட்டியைத் திறந்து, 'பாட்டியின் வைரம்' என்ற பொட்டலத்தைச் சோதித்து, உள்ளே இருப்பதன் உண்மைப் பெயரை ஒரு தாளில் எழுதி அதனோடு வைப்பாராயின், அடுத்த தலைமுறையில் ஒரு சண்டை குறையும். என் உரையின் பயன் அவ்வளவே.